பூண்டைத் தொட்டுப் பழகியவர்: மறுமலர்ச்சிக் கால மனிதரைப் பற்றிச் சில கேள்விகள்

இத்தாலிய மறுமலர்ச்சிக் காலம் (பழைய கிரேக்க, ரோமானிய நூல்களைத் தேடிப் படித்துக் கலையும் கல்வியும் புதிதாகத் தழைத்த 15, 16ஆம் நூற்றாண்டுகள்) கனவு கண்ட "முழு மனிதர்", அதாவது பல துறைகளிலும் தேர்ந்தவர், பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மறுமலர்ச்சி மனிதர் என்றாலே லியொனார்டோ டா வின்சிதானே?

எல்லோரும் அவரைத்தான் சொல்கிறார்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அவர் ஓவியப் பட்டறையில் வளர்ந்தவர். லத்தீனைப் பெரியவரான பிறகு தானாக முட்டி மோதிக் கற்றார். "படிப்பில்லாதவன்" என்று தன்னைப் பற்றி அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கால லட்சியத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தியை (1404–1472) பாருங்கள். சட்டம் படித்தவர். ஓவியத்தில் தூரத்தையும் ஆழத்தையும் கணக்குப் போட்டுக் காட்டுவது எப்படி என்று 1435இல் ஒரு நூல் எழுதினார். ஃபிளாரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் முகப்பு அவர் வடிவமைத்தது. ரகசியக் கடிதம் எழுத ஒரு சக்கரக் கருவியும் செய்தார்.

கேள்வி: "மனிதன் நினைத்தால் எதையும் செய்யலாம்" என்று சொன்னவர் இவர்தானா? எங்கள் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

அந்த வரியின் கதையைச் சொன்னால் உங்கள் மேலாளர் படத்தைக் கழற்றிவிடுவார்.

ஆல்பெர்த்தியின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு சிறு லத்தீன் நூல் இருக்கிறது. "அவர் இப்படிச் செய்தார், அவர் அப்படிச் செய்தார்" என்று யாரோ மூன்றாம் மனிதர் எழுதியது போல இருக்கும். எழுதியவர் அவரே என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. தற்பெருமைக்குக் குறைவில்லை. இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நிற்கிற ஆளைத் தாண்டிக் குதிப்பாராம். தேவாலயத்துக்குள் நின்று வெள்ளிக் காசை மேலே வீசினால் கூரையில் பட்டு ஒலி கேட்குமாம்.

நடுவில் ஒரு சின்னச் செய்தி. அவருக்குப் பூண்டும் தேனும் ஆகாது. கண்ணில் பட்டாலே வாந்தி வந்துவிடும். அதனால் வேண்டுமென்றே அவற்றைப் பார்த்துப் பார்த்து, கையில் எடுத்துத் தொட்டுத் தொட்டு, குமட்டல் குறையும்வரை பழகினார். "மனிதர்கள் மனம் வைத்தால் தங்களை வைத்து எதையும் செய்துகொள்ள முடியும்" என்பதற்கு இதுவே சாட்சி என்கிறது அந்நூல். 1860இல் புர்க்ஹார்ட் என்ற சுவிஸ் வரலாற்றாசிரியர் அதை ஜெர்மனில் எடுத்து எழுதினார். அது ஆங்கிலத்துக்குப் போனபோது "தங்களை வைத்து" என்பது நழுவிவிட்டது. "மனிதர்கள் நினைத்தால் எதையும் செய்யலாம்" என்று உலகம் சுற்றியது.

அந்த இரண்டு சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது என்பேன். உலகத்தை வளைப்பது பற்றிய வாக்கியமே அல்ல அது. தன் உடம்பும் மனமும் எங்கே மக்கர் செய்கிறதோ, அங்கே உட்கார்ந்து பொறுமையாகப் பழக்குவது பற்றியது.

கேள்வி: "ஸ்ப்ரெத்ஸத்தூரா" என்கிறார்களே, அது என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

காஸ்திலியோனே என்ற இத்தாலிய எழுத்தாளர் 1528இல் வெனிஸில் வெளியிட்ட 'அரசவையாளர்' நூலில் வரும் சொல். உர்பினோ அரண்மனையில் மாலை நேரத்தில் சிலர் உட்கார்ந்து, நல்ல அரசவையாளர் எப்படி இருக்க வேண்டும் என்று பேசுவதாக அமைந்த நூல். எவ்வளவு பாடுபட்டுக் கற்றதானாலும், செய்யும்போது சர்வ சாதாரணமாகத் தெரிய வேண்டும், அதுதான் ஸ்ப்ரெத்ஸத்தூரா. "அலட்டிக்கொள்ளாமை" என்று சொல்லிப் பார்க்கலாம். கச்சேரியில் கடினமான இடத்தைப் பாடகர் சிரித்துக்கொண்டே கடந்து போவாரே, அது மாதிரி. வேடிக்கை என்னவென்றால், அலட்டிக்கொள்ளாமையைப் போதிக்கும் அந்த நூலை அவர் பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதினார்.

கேள்வி: பீகோ டெல்லா மிராந்தொலா?

இத்தாலியத் தத்துவ அறிஞர். 1486இல், 23 வயதில், 900 கருத்துகளை அச்சிட்டு "ரோமுக்கு வந்து என்னோடு வாதிடுங்கள், வழிச்செலவு நான் தருகிறேன்" என்றவர். போப் தடை போட்டுவிட்டார். அந்த வாதத்துக்கு முன்னுரையாக பீகோ எழுதிய உரைதான் புகழ்பெற்றது: மனிதனுக்கு மட்டும் இதுதான் இடம் என்று வகுக்கப்படவில்லை, விலங்காகத் தாழ்வதும் தேவராக உயர்வதும் அவன் கையில். மேடையேறாமலே போன உரை அது.

கேள்வி: மனிதர், மனிதர் என்கிறீர்கள். பெண்கள் எங்கே?

நியாயமான கேள்வி. வெரோனாவில் இஸோத்தா நொகரோலா (1418–1466) என்று ஒருவர். லத்தீனில் நன்றாக எழுதுவார். அன்றைய பெரிய ஆசிரியர் குவாரினோவுக்குக் கடிதம் போட்டார். நீண்ட நாள் பதில் இல்லை. ஊர்ப் பெண்கள் கேலி செய்தார்கள். மறுபடி எழுதி மனம் நொந்து கேட்ட பிறகுதான் பதில் வந்தது. இஸோத்தாவின் நடத்தையைப் பற்றிப் பெயரில்லாமல் ஒருவன் மிகக் கீழ்த்தரமாக எழுதிப் பரப்பினான். படித்த பெண் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதில் 600 வருடத்தில் கருவி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இஸோத்தா எழுதுவதை விடவில்லை. ஆதாம், ஏவாள் இருவரில் யார் பாவம் பெரிது என்று 1451இல் ஒரு வெனிஸ் பிரபுவோடு அவர் நடத்திய வாதம் இன்றும் கிடைக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவரல்லாத அடிமைகளைக் கொண்டுவர 1363இல் ஃபிளாரன்ஸ் அரசே அனுமதி தந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மனித மாண்பு பேசப்பட்ட ஊரில் வீட்டு வேலை செய்தவர்கள் அவர்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பரதம், சதுரங்கம், கோடிங், நீச்சல், இந்தி. இதுவும் மறுமலர்ச்சி லட்சியம்தானே?

இல்லைங்க. குழந்தை எப்போது தூங்கும் என்றுதான் முதலில் தோன்றியது.

வித்தோரினோ டா ஃபெல்த்ரே 1423இல் மாந்துவாவில் தொடங்கிய பள்ளியைப் பாருங்கள். ஆட்சியாளரின் பிள்ளைகளுக்கான பள்ளிதான், ஆனால் ஏழைப் பிள்ளைகளையும் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொண்டார். பள்ளிக்குப் பெயரே 'மகிழ்ச்சி இல்லம்'. லத்தீன், கிரேக்கம், கணிதம், இசை எல்லாம் உண்டு. ஓட்டம், பந்து, மல்யுத்தமும் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே கூரையின் கீழ், ஒவ்வொரு பிள்ளையின் போக்கையும் அறிந்த ஒரே ஆசிரியரின் கண்பார்வையில் நடந்தது. ஐந்து வகுப்பு, ஐந்து ஆசிரியர், நடுவில் ஸ்கூட்டரில் நீங்கள் என்பது வேறு ஏற்பாடு. எதை விட்டால் அழுவாள் என்று மகளிடமே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஐடி வேலை. இரவு எட்டுக்கு வீடு வந்தால் மூளை ஓடாது. எங்களுக்கு இதெல்லாம் எதற்கு?

ஃபிளாரன்ஸ் அரசில் அதிகாரியாக இருந்த எழுத்தாளர் மாக்கியவெல்லி 1513 டிசம்பர் 10 அன்று நண்பருக்கு எழுதிய கடிதத்தைத் தேடிப் படியுங்கள். பதவி பறிபோய், சிறையில் சித்திரவதைப்பட்டு, கிராமத்தில் முடங்கிக் கிடந்த நேரம். காலையில் விறகு வெட்டுகிறவர்களை மேய்க்கிறார். மதியம் சத்திரத்தில் கசாப்புக்காரர், மாவு மில்காரர் எல்லாரோடும் சூதாட்டம்; ஒரு காசுக்குப் போடும் சண்டைச் சத்தம் பக்கத்து ஊர்வரை கேட்குமாம். இரவு வீடு வந்து, சேறு படிந்த துணியை வாசலிலேயே கழற்றிவிட்டு, அரசவைக்குப் போகும் உடையைப் போட்டுக்கொண்டு படிப்பறைக்குள் நுழைகிறார். பழைய காலத்துப் பெரியவர்களின் நூல்களைத் திறந்து, "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று அவர்களையே கேட்கிறார். நான்கு மணி நேரம். சலிப்பில்லை, வறுமை பயமில்லை, சாவு பயமில்லை என்கிறார்.

உங்களால் நான்கு மணி நேரம் முடியாது. எனக்கும் முடிந்ததில்லை, இருபது நிமிடம் வரை வந்திருக்கிறேன். ஆனால் துணி மாற்றுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். லேப்டாப் பையோடு சோபாவில் விழுந்தபடி புத்தகத்தைத் திறந்தால் எனக்கு இரண்டாவது பக்கத்தில் தூக்கம் வந்துவிடும்.