காலில் கத்தி வைக்காமல் கை நரம்பைச் சரிசெய்ய முடியாதா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. ஆறு வாரத்துக்கு முன் கண்ணாடிக் கதவு உடைந்து, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஆழமாக வெட்டிவிட்டது. தோல் காயம் ஆறிவிட்டது. ஆனால் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரலில் உணர்ச்சியே இல்லை. ஸ்கேனில் மீடியன் நரம்பு அறுந்திருப்பதும், நடுவே 4 செ.மீ. இடைவெளி இருப்பதும் தெரிந்தது. காலிலிருந்து நரம்பு எடுத்து வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். குழாய் வைத்தே நரம்பை வளர்க்கலாம், ஆய்வகத்திலேயே நரம்பு செய்கிறார்கள் என்றெல்லாம் படித்தோம். நல்ல காலை ஏன் வெட்ட வேண்டும் என்று தம்பி தயங்குகிறான். ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஊசி போடும் ரத்தக்குழாயையும் நாம் பேச்சில் நரம்பு என்றுதான் சொல்கிறோம். உங்கள் தம்பிக்கு அறுந்திருப்பது அதுவல்ல, ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் கொண்ட ஒரு கட்டு. இழை அறுந்தால் விரல் பக்கம் இருக்கும் துண்டு சிதைந்துபோகும். 1850இலேயே அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்து இதைக் கண்டார். மூளையோடு தொடர்புள்ள மேல் முனையிலிருந்து இழைகள் புதிதாக வளர வேண்டும். வேகம் ஒரு நாளைக்கு சுமார் 1 மி.மீ. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து கட்டைவிரல் தசைக்கு 20 செ.மீ. என்றால் 200 நாள். ஆனால் நரம்பு இல்லாத தசை 12 முதல் 18 மாதத்துக்குள் மெலிந்து, பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் ஏற்காத நிலைக்குப் போய்விடும். இப்போது ஒரு வருடத்தை விட்டுவிட்டால், அப்புறம் எவ்வளவு நல்ல சிகிச்சை வந்தாலும் அந்தத் தசைக்குப் பயன் கிடைப்பது கடினம்.

சரி, குழாய் விஷயம். நீங்கள் படித்தது உண்மைதான். கொலாஜன் என்ற புரதம் போன்ற, உடலிலேயே மெல்லக் கரைந்துவிடும் பொருளில் செய்த குழாய்கள் 20 வருடத்துக்கும் மேலாகச் சிகிச்சையில் இருக்கின்றன. அறுந்த இரு முனைகளையும் குழாயின் இரு வாயிலும் செருகித் தைப்பார்கள். முனைகளிலிருந்து கசியும் திரவம் குழாயை நிரப்பும். சில நாளில் அதில் ஃபைப்ரின் என்ற புரதம் உறைந்து, நடுவே ஒரு கயிறு மாதிரி ஆகும். அதைப் பிடித்துக்கொண்டு இரு பக்கமிருந்தும், நரம்பு இழைகளைச் சுற்றியிருந்து தாங்கும் ஷ்வான் செல்கள் ஊர்ந்து வரும், அவை போட்ட பாதையில் இழைகள் வளரும். இடைவெளி கூடும்போது இந்தக் கயிறு நடுவில் இளைத்து அறுந்துபோகும். அதனால்தான் குழாய்க்கு 3 செ.மீ.தான் வழக்கமான எல்லை. அதற்குள்ளும், விரல்களில் இருக்கும் சிறிய உணர்ச்சி நரம்புகளில்தான் அது நன்றாக வேலை செய்கிறது. மீடியன் போன்ற பெரிய நரம்பில், 4 செ.மீ.க்கு, வெறும் குழாயை நம்ப நான் சொல்லமாட்டேன்.

குழாய்க்குள் ஷ்வான் செல்கள், ஸ்டெம் செல்கள், வளர்ச்சிக் காரணிகள், நுண்ணிய நார்கள் எல்லாம் வைத்து இந்த எல்லையைத் தாண்டப் பார்க்கிறார்கள். எலிகளில் கிடைக்கும் பலன் உற்சாகம் தருகிறது. ஆனால் எலியின் காலில் 1 செ.மீ. தாண்டுவது வேறு, மனிதக் கையில் பல செ.மீ. தாண்டி, அதற்கப்புறமும் மாதக்கணக்கில் வளர்வது வேறு. வழக்கமான சிகிச்சை என்ற இடத்துக்கு அவை இன்னும் வரவில்லை. அதற்கு முன்பே ஸ்டெம் செல் ஊசி போட்டால் நரம்பு ஒட்டிவிடும் என்று யாராவது பணம் கேட்டால், தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

காலிலிருந்து எடுப்பது சூரல் நரம்பு. பாதத்தின் வெளி ஓரத்துக்கு உணர்ச்சி தருவது மட்டுமே அதன் வேலை. நடை கெடாது. அங்கே ஒரு பகுதி மரத்துப்போகும், அதுவும் நாளாக ஆகச் சுருங்கும். சிலருக்குத் தழும்பில் வலி இருக்கலாம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆய்வகங்கள் செய்யப் பாடுபடுகிற பாதையும் உயிருள்ள ஷ்வான் செல்களும் அதில் ஏற்கனவே இருக்கின்றன. தம்பியின் சொந்த நரம்பு என்பதால் உடல் நிராகரிக்கவும் செய்யாது. காலைத் தொடவே கூடாது என்று அவர் உறுதியாக இருந்தால், செல்களை நீக்கிப் பதப்படுத்திய, தானமாகப் பெற்ற நரம்பு கிடைக்குமா, இந்த இடத்துக்குப் பொருந்துமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதிலேயே மாதங்கள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவைக்குப் பின் நரம்பு போகும் வழியில் டாக்டர் விரலால் லேசாகத் தட்டிப் பார்ப்பார். இழைகள் வந்து சேர்ந்த இடத்தில் விரலுக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இருக்கும். அந்த இடத்தைப் பேனாவால் குறித்து வைத்தால், மாதம் 2, 3 செ.மீ. கீழே இறங்குவதை நீங்களே பார்க்கலாம். அதுவரை விரல் மூட்டுகள் இறுகாமல் இருக்க பிசியோதெரபியைத் தினமும் செய்யவேண்டும். இன்றிலிருந்தே சூடான பாத்திரம், அயர்ன் பாக்ஸ் எதையும் அந்தக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். சுட்டாலும் அவருக்குத் தெரியாது.