நெருஞ்சிலில் எது எது? கிம்பர்லி ஆட்டுக்காரருக்குப் பதில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லிக்கு வெளியே மணல் நிலத்தில் நாற்பது மெரினோ ஆடுகள் வைத்திருக்கிறேன். மழைக்குப் பிறகு நெருஞ்சில் எங்கும் படர்ந்துவிட்டது. ஒன்றில் பூ சின்னது, இன்னொன்றில் பெரியது. பெரியதுதான் தாத்தா சொன்ன ஆனை நெருஞ்சிலா? பக்கத்துப் பண்ணைக்காரர் முள் காய்க்கும் எல்லாவற்றையும் ‘டபல்கி’ என்கிறார். இரண்டு குட்டிகளுக்கு முகம் வீங்கிக் காது தொங்குகிறது.

பதில்: ஐயா, செடியை அப்புறம் பார்ப்போம், முதலில் குட்டிகள். இரண்டையும் உடனே நிழலில் கட்டுங்கள், வெயில் படவே கூடாது. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே மஞ்சளாக இருந்தால் அது பெரும்பாலும் இங்குள்ளவர்கள் ‘கீல்டிக்கொப்’ என்னும் நோய்தான். ஆஃப்ரிகான்ஸில் ‘மஞ்சள் தடித்த தலை’ என்று பொருள். பசுந்தீவனம் வேண்டாம், காய்ந்த புல்லும் நல்ல தண்ணீரும் போதும். இன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பச்சைத் தழை வயிற்றில் செரிக்கும்போது ஒரு நிறப்பொருள் உண்டாகும். ஈரல் அதைப் பித்தத்தோடு வெளியேற்றிவிடும். நெருஞ்சிலில் உள்ள சப்போனின் என்னும் வேதிப்பொருள் பித்தக் குழாய்களில் படிகமாகத் தங்கி வழியை அடைத்தால், அந்த நிறப்பொருள் இரத்தத்தில் தேங்கும். அப்புறம் வெயில் படுகிற வெளிர்த்தோலெல்லாம் வெந்து வீங்கும். மழை பெய்து செடி தழைத்து, பிறகு வெயில் காய்ந்து வாடுகிற நாட்களில்தான் இது அதிகம் வரும். ஆண்டர்ஸ்டிபோர்ட் கால்நடை ஆய்வு நிலையத்தில், அதைத் தொடங்கிய ஆர்னால்ட் தைலர் காலத்திலேயே ஆராயப்பட்ட நோய் இது.

இனி செடி. சின்னப் பூ உள்ளது சிறுநெருஞ்சில். பூ சட்டைப் பொத்தான் அளவுதான், ஐந்து மஞ்சள் இதழ். எதிரெதிரே இருக்கும் இரண்டு இலைகளில் ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக இருக்கும். காய் முற்றினால் ஐந்து துண்டாகப் பிரியும், ஒவ்வொன்றிலும் இரண்டு பெரிய முள்ளும் இரண்டு சின்ன முள்ளும் இருக்கும்.

பெரிய பூ உள்ளது அதன் நெருங்கிய சொந்தம், ட்ரிபுலஸ் ஸெய்ஹெரி. நன்றாக விரிந்த பூ ஐந்து ராண்டு காசை மறைத்துவிடும். இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். அதனால் காலையில் பூ விரிந்திருக்கும்போது போய்ப் பாருங்கள்.

இது ஆனை நெருஞ்சில் இல்லை, ஐயா. அது வேறு குடும்பம். அதன் இலை சின்னச் சின்ன இலைகளாகப் பிரியாமல் சதைப்பற்றோடு ஒரே இலையாக இருக்கும், பூ குழல் போல நீளும். ஒரு கொப்பைத் தண்ணீரில் விட்டுக் கலக்கினால் தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிடும். உங்கள் செடியை அப்படிக் கலக்கிப் பாருங்கள், ஆகாது.

டபல்கி என்ற பேரை நம்பாதீர்கள். கீரை மாதிரி அகன்ற இலையும் மூன்று முள் காயும் கொண்ட ஈமெக்ஸ் என்ற செடியையும் அதே பேரில்தான் கூப்பிடுகிறார்கள். அதற்கும் நெருஞ்சிலுக்கும் உறவே இல்லை.

என் கருத்து, சின்னப் பூதான் ஆபத்து, பெரிய பூ பரவாயில்லை என்று பிரித்து மேய்க்க நினைக்காதீர்கள். இரண்டும் கலந்து கிடக்கும் நிலத்தில் ஆடு பூ பார்த்தா மேயும்? செடி வாடியிருக்கும் வரை அந்தப் பக்கம் விடவே வேண்டாம். காய் முற்றும் முன்னால் மண்வெட்டியால் ஆணிவேரோடு வெட்டி எடுங்கள், மணலில் எளிதாக வரும். வேலை முடிந்ததும் செருப்பின் அடியைப் பார்த்து முள்ளைப் பிடுங்கிப் போடுங்கள், அடுத்த பட்டிக்கு விதை போவது அதில்தான்.