ஓட்டுநர் தேர்வில் தவறினால் மறுதேர்வுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

மறுதேர்வு என்பது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியை ஓட்டிக் காட்டும் தேர்வில் தவறியவர் மீண்டும் ஓட்டிக் காட்டுவதாகும். இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, 7 நாள் கழித்தே மறுபடி வரலாம்; மூன்று முறையும் தவறினால், கடைசித் தேர்விலிருந்து 60 நாள் பொறுத்திருக்க வேண்டும். புளிக்காத மாவை எத்தனை முறை ஊற்றினாலும் இட்லி கல்லாகத்தான் வரும். அதுபோல, பழகாமல் மறுநாளே வந்தால் அதே பிழைதான் நேரும் என்பதாலேயே இந்த இடைவெளி. இருசக்கர வண்டியில் எட்டுப் போடுகையில் (8 வடிவப் பாதையில் ஓட்டுகையில்) பலர் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு, வேகம் குறைந்து, வளைவில் காலூன்றிவிடுகிறார்கள். பார்வையை அடுத்த வளைவில் வைத்து, பின்பிரேக்கை மெல்ல அழுத்தியபடி சீரான வேகத்தில் திரும்பப் பழகினால் (ஒரு காலி மைதானம் போதும்) பாதிக் கிணறு தாண்டியதாகவே நான் கருதுவேன். தவறினால் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) ரத்தாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் அது தன் 6 மாதக் காலம் முடியும்வரை செல்லும்.