நான்கு டிம்பனி, ஒரே கலைஞர்: எலியட் கார்ட்டர் கேள்வி பதில்

கேள்வி: டிம்பனி என்றால் ஆர்க்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் இடி மாதிரி முழங்கும் கிண்ண வடிவ முரசுதானே? அதை மட்டும் வைத்து யாராவது எழுதியிருக்கிறார்களா?

பதில்: அமெரிக்க இசையமைப்பாளர் எலியட் கார்ட்டர் எழுதியிருக்கிறார். நான்கு டிம்பனிகளுக்கு எட்டு உருப்படிகள். 1950இல் ஆறு எழுதினார். 1966இல் ஜான் (Jan) வில்லியம்ஸ் என்ற தாளக் கலைஞரோடு சேர்ந்து அவற்றைத் திருத்தி, 'அடாஜியோ', 'காண்டோ' என இரண்டைப் புதிதாகச் சேர்த்தார். (ஹாலிவுட் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் வேறு.)

கேள்வி: மிருதங்கம் கற்கிறேன். கார்ட்டரின் 'மெட்ரிக் மாடுலேஷன்' என்ற வேகம் மாற்றும் உத்தி நம் நடை மாற்றம்தானா?

பதில்: பாதி சரி. நடை மாறினாலும் நாம் கையில் போடும் தாளம் அசையாது. அட்சரத்துக்குள், அதாவது தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்குள், நான்கு விழுந்த இடத்தில் மூன்றோ ஐந்தோ விழும், அவ்வளவுதான். கார்ட்டரிடம் தாளமே நகர்ந்துவிடும்.

சொல்லிப் பாருங்கள்: தகதிமி தகதிமி தகதிமி. அப்புறம், சொற்கட்டின் வேகத்தைத் துளியும் மாற்றாமல், தகிட தகிட தகிட தகிட. இரண்டிலும் பன்னிரண்டு எழுத்துதான். இப்போது ஒவ்வொரு தகிடவையும் ஒரு முழு அட்சரமாக எண்ணுங்கள். நிமிடத்துக்கு 90 ஆக ஓடிய தாளம் 120 ஆகிவிட்டது! பழைய தாளத்துக்குத் திரும்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. அங்கிருந்தே அடுத்த மாற்றத்துக்குப் போய்விடுவார். அதனால் கேட்கும்போது தொடையில் தாளம் போடாதீர்கள். வேகம் மாறாத அந்தச் சின்ன அடியை, அதாவது ஒவ்வொரு எழுத்தையும், காதால் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த இசை பிடிபட்டது அப்படித்தான்.

கேள்வி: நான்கே சுருதி. சலிக்காதா?

பதில்: தோலின் நடுவில் அடித்தால் மந்தமான ஒலி, விளிம்பில் மெலிந்த ஒலி, வழக்கமான இடத்தில் நிறைந்த ஒலி. எங்கே அடிக்க வேண்டும் என்று கார்ட்டர் குறித்தே வைத்திருக்கிறார். 'அடாஜியோ'விலும் 'காண்டோ'விலும் பெடலை மிதித்தே சுருதியை மாற்ற வேண்டும். ஒலி வழுக்கிக்கொண்டு ஏறுவதைக் கேட்டால் கமகம் ஞாபகம் வரும்.

கேள்வி: முதலில் எதைக் கேட்கலாம்?

பதில்: எட்டில் ஒன்றான 'மார்ச்' (அணிவகுப்பு இசை). நியூயார்க் பில்ஹார்மானிக்கின் டிம்பனிக் கலைஞர் சால் குட்மனுக்குக் காணிக்கையாக்கியது. ஒரு கை குச்சியின் தலையால் அடிக்கும், இன்னொரு கை குச்சியைத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கத்தால் அடிக்கும். இரண்டு கையும் மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் வெவ்வேறு வேகம். இரண்டு முரசுக்காரர்கள் எதிரெதிர்த் திசையிலிருந்து நடந்து வந்து, சந்தித்து, போட்டி போட்டு, பிரிந்து போவதாகக் கற்பனை. வாசிப்பவர் ஒருவர்தான் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். முடிந்தால் காணொளியாகவே பாருங்கள்.

கேள்வி: எட்டையும் ஒரே மூச்சில் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு கச்சேரியில் நான்குக்கு மேல் வாசிக்கக் கூடாது என்பது கார்ட்டர் சொன்னதே. நீங்களும் இன்று 'மார்ச்' மட்டும் கேளுங்கள், இரண்டு தடவை.