டீச்சரிடம் கேளுங்கள்: மஸ்கட் போய் மண்வீடு பார்க்கலாமா?

கேள்வி: டீச்சர், எங்கள் மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். தை மாதம் எங்களை வரச் சொல்லியிருக்கிறான். அங்கே பழைய வீட்டைச் சீர்செய்து மியூசியமாக வைத்திருக்கிறார்களாம், கூட்டிப்போகிறேன் என்கிறான். “வீட்டைப் பார்க்கவா விமானம் ஏறுவது?” என்கிறார் என் கணவர். நீங்கள் மகள் வீட்டுக்குப் போனபோது பார்த்திருப்பீர்களே, போகலாமா?
– திருப்பாதிரிப்புலியூர் வாசகி

பதில்: அவசியம் போங்கள் அம்மா. மகன் எந்த வீட்டைச் சொல்கிறார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மஸ்கட் பழைய நகரத்தில், சுல்தானின் அல் ஆலம் அரண்மனைக்குச் சற்றுத் தள்ளி பைத் அல் ஜுபைர் இருக்கிறது. ‘பைத்’ என்றால் வீடு. ஜுபைர் குடும்பத்தார் 1914-ல் கட்டியது, 1998-ல் மியூசியமாகத் திறந்தார்கள். இடுப்பில் செருகும் வளைந்த கஞ்சர் கத்தி, வெள்ளி நகை, பித்தளை ஆணி அடித்த மரப்பெட்டி எல்லாம் கண்ணாடிக்குள் அழகாக இருக்கும்.

ஆனால் என் மனசில் நிற்பது இன்னொரு வீடு. அல் ஹம்ரா என்ற ஊரில் பைத் அல் சஃபா. மஸ்கட்டிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், நிஸ்வா தாண்டி மலையடிவாரம். ஒரு நாள் முழுக்க ஒதுக்க வேண்டும். ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் இதையே பாருங்கள்.

மண்கல் அடுக்கிக் கட்டிய மாடி வீடு. வெயிலிலிருந்து உள்ளே கால் வைத்ததும் கண் இருட்டி, உடம்பு குளிர்ந்தது. பேரீச்ச மரத்தைப் பிளந்து உத்திரம் போட்டு, மேலே ஓலைப் பாய் பரப்பி, அதன்மேல் மண் போட்டிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். நெல்லிக்குப்பத்தில் என் அம்மா வீட்டில் பனங்கையில் வாரை போட்டு நாட்டு ஓடு வேய்ந்திருந்தது. அந்த வீடு இப்போது இல்லை.

அங்கே அடுப்பங்கரை இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது. அந்த ஊர்ப் பெண்களே உட்கார்ந்து காபிக்கொட்டை வறுத்து இடிக்கிறார்கள், திருகையில் மாவு அரைக்கிறார்கள். ரொட்டி சுடுவதைப் பாருங்கள். நம் தோசை மாதிரி ஊற்றுவதில்லை. பிசுபிசுவென்ற மாவு உருண்டையைக் கையில் பிடித்துச் சுடுகல்லில் தேய்த்துக்கொண்டே போகிறார்கள், கல்லில் ஒட்டிய மெல்லிய படலம்தான் ரொட்டி. சுரண்டி எடுத்துக் கையில் தந்தார் ஓர் அம்மா. அப்பளம் போல நொறுங்கியது.

மூலையில் இன்னொருவர் ஏதோ விதையைக் கல்லில் நசுக்கிப் பிசைந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். ‘ஷுஆ’ என்றார். மகள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, “அம்மா, இது முருங்கை ஜாதி!” என்றாள். அரபு நாட்டு மலைகளில் தானாக வளரும் முருங்கையாம். நாம் கீரையை ஆய்கிறோம், காயைச் சாம்பாரில் போடுகிறோம், விதையைத் துப்பிவிடுகிறோம். அவர்கள் விதையிலிருந்து மேலுக்குத் தடவும் எண்ணெய் எடுக்கிறார்கள். என் புறங்கையில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்துவிட்டார். அந்தக் கையின் சூடு இன்னும் நினைவிருக்கிறது. இதையெல்லாம் உங்கள் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டுங்கள், கிளம்பிவிடுவார்.

கேள்வி: எனக்கு முழங்கால் வலி. அந்த மாதிரி வீடுகளில் ஏறி இறங்க முடியுமா? புடவை கட்டலாமா? உபசாரம் எப்படி?
– அதே வாசகி

பதில்: படி ஒவ்வொன்றும் ஒரு உயரம். மகனை முன்னால் விட்டு நிதானமாக ஏறுங்கள், முடியாவிட்டால் பாதியில் உட்காருங்கள், யாரும் விரட்ட மாட்டார்கள். புடவை தாராளமாகக் கட்டலாம், தோள் மூட ஒரு சால்வை போதும். பாய் விரித்த கூடத்தில் செருப்பைக் கழற்றிவிடுங்கள். முதலில் பேரீச்சம்பழம், பிறகு பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் ஏலக்காய் போட்ட கஹ்வா, அதாவது அவர்கள் காபி, பாலும் இல்லை சர்க்கரையும் இல்லை. வலது கையால் வாங்குங்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஊருக்குக் கீழே பேரீச்சந்தோப்பு. தோப்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை ஃபலஜ் என்கிறார்கள். ஓமான் நாட்டில் இப்படி ஐந்து ஃபலஜ்களை 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நிழலில் சற்று உட்கார்ந்து எழுந்திருங்கள்.

கேள்வி: புதுச்சேரி தமிழர் பகுதியில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் உண்டு. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்கிறார் அண்ணன். மியூசியம் ஆக்க வழி உண்டா?
– நெல்லித்தோப்பு வாசகர்

பதில்: தம்பி, மியூசியம் பிறகு. முதலில் அதில் குடியிருங்கள். வைசியாள் வீதிக்கு அண்ணனை ஒரு சாயங்காலம் நடத்திக் கூட்டிப்போங்கள். அந்த வீதியைச் சீர்செய்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், துணி காய்கிறது, திண்ணையில் தாத்தா பேப்பர் படிக்கிறார். பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் கிளை ஊரில் இருக்கிறது, வீட்டின் போட்டோக்களோடு போய்ப் பேசுங்கள்.

நெல்லிக்குப்பத்தில் என் அம்மா வீடு எப்படிப் போனது என்று சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயலில் ஓடு பறந்தது. சுண்ணாம்புச் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பழுது பார்க்க வந்தவர் “சிமெண்ட் பூசினால் நூறு வருஷம் நிற்கும்” என்றார், நம்பினோம். சுண்ணாம்புச் சுவர் வாங்கிய ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. இரண்டு ஐப்பசி மழையில் சுவர் உள்ளுக்குள் ஊறி, செங்கல் பொடிந்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது. மூன்றாம் வருஷம் இடித்தோம். அம்மா எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசிக்கு முன்னால் உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். முற்றத்துத் தூம்பில் அடைப்பு இருக்கிறதா என்று கையை விட்டே பாருங்கள். கொத்தனார் சிமெண்ட் மூட்டையோடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள், கடுக்காய்த் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆள் கிடைக்கும்வரை காத்திருங்கள்.