கவுன்சில் கலைந்தால் ஊழியர் கதி?

கேள்வி: என் மகள் டெல்லியில் ஒரு மத்திய ஒழுங்குமுறை கவுன்சிலில் 8 வருடமாக நிரந்தர உதவியாளர். அதைக் கலைத்துவிட்டுப் புது ஆணையம் வரப்போகிறதாம். கட்டடம், நிதி எல்லாம் அங்கே போனால் ஊழியர்களும் தானாகப் போவார்கள்தானே? உள்ளே சேர்த்துவிட ஒருவர் 3 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? - ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். மசோதா என்ற பேச்சு எழுந்த மறுநாளே இந்த ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். யாரை எடுப்பது என்பதைச் சட்டமும் அதன் விதிகளும் தீர்மானிக்கும். கேன்டீனில் டீ வாங்கிக்கொடுத்து "செக்‌ஷன்ல நம்ம ஆள் இருக்கார்" என்பவர் அல்ல.

சரி, விஷயத்துக்கு வருவோம். சொத்து போனால் ஆளும் போவார் என்று நம்பவே வேண்டாம். இந்திய மருத்துவக் கவுன்சில் கலைந்து, 2020 செப்டம்பர் 25 அன்று தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. அதற்கான 2019-ம் ஆண்டுச் சட்டத்தில், கவுன்சிலின் சொத்தும் கடனும் ஆணையத்துக்கு மாறியதாகக் கருதப்படும் என்று ஒரே வரி. நிரந்தர, ஒப்பந்த ஊழியர்களுக்கோ, வேலை உடனடியாக முடிந்தது என்று இன்னொரு வரி. இழப்பீடு, குறைந்தது 3 மாதச் சம்பளமும் படியும். பீரோவுக்கு இருந்த பாதுகாப்பு அதைத் திறந்து மூடியவருக்கு இல்லை. இப்படி எழுத எப்படித்தான் மனசு வருகிறதோ!

எல்லாச் சட்டமும் இப்படி இருக்காது. மசோதாவின் கடைசிப் பக்கங்களில், பழைய சட்டத்தை நீக்கும் பிரிவை முதலில் படியுங்கள். ஊழியர்கள் 'ஆணையத்தின் ஊழியர்களாவர்' என்றிருக்கிறதா, 'பணி முடிவடையும்' என்றிருக்கிறதா? உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

அயற்பணியில், அதாவது வேறு துறையிலிருந்து தற்காலிகமாக (டெபுடேஷன்) வந்தவர்கள் கதை வேறு. மருத்துவக் கவுன்சில் விஷயத்தில் அவர்கள் தாய்த்துறைக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள்; வேலை போகவில்லை. இதில் ஒரு சிக்கல். அயற்பணியில் வந்து, பிறகு கவுன்சிலிலேயே நிரந்தரமாக ஈர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் இன்னும் தாய்த்துறை இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஈர்ப்பு ஆணை வந்து, பழைய துறையில் லியனும் (பழைய பதவிக்குத் திரும்பும் உரிமை) முடிந்திருந்தால் அவர் கவுன்சில் ஊழியர்தான். திரும்பிப் போக இடமில்லை. உங்கள் மகள் வேறு துறையிலிருந்து வந்தவரா? அப்படியானால் அவருடைய நியமன ஆணையில் 'அயற்பணி' என்றிருக்கிறதா, 'ஈர்ப்பு' என்றிருக்கிறதா என்று பாருங்கள். நேரடி நியமனம் என்றால் இந்த வழியே கிடையாது.

அப்புறம், "நிரந்தர ஊழியரை நீக்கவே முடியாது, அரசியல் சட்டம் 311 இருக்கிறது" என்று ஃபீஸ் வாங்க ஒரு வக்கீல் வருவார். அரசு ஊழியரை விசாரணையில்லாமல் தண்டனையாக நீக்குவதைத் தடுக்கும் பிரிவு அது. பதவியையே ஒழிப்பது தண்டனைப் பணிநீக்கம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே சொல்லிவிட்டது. நம் ஊர் கர்ணம், மணியக்காரர் என்ற கிராம அதிகாரிப் பதவிகளை 1980-ல் தமிழக அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது நினைவிருக்கும். 1982-ல் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்றுக்கொண்டது.

வருங்கால வைப்பு நிதி உங்கள் மகளுடைய பணம், அதற்குப் பயமில்லை. பணிக்கொடை பாக்கியிருந்தால், கடன்களும் ஆணையத்துக்கு மாறுவதாகச் சட்டம் சொல்லும்போது கேட்க வேண்டிய இடம் ஆணையம்தான். கேட்பதற்குக் கையில் காகிதம் வேண்டும். கலைப்பு நாளுக்குப் பிறகு பழைய அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்கமாட்டார். நியமன ஆணை, பணிப்பதிவேடு, விடுப்புக் கணக்கு, கடைசிச் சம்பளப் பட்டியல் எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகலை இந்த மாதமே வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.