குடற்புழு மாத்திரை கொடுக்கிறேன், இதயப்புழுவுக்கும் அது போதுமா?

கேள்வி: என் நாய்க்கு மூன்று வயது, எடை 18 கிலோ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மாத்திரை கொடுக்கிறேன். உண்ணி கண்ணில் பட்டால் மட்டும் அதற்கு மருந்து போடுவேன். தெரிந்தவர் ஒருவரின் நாய் இதயப்புழுவால் இறந்துபோனது. அந்தப் பயத்தில் மாதாமாதம் கொடுக்கும் இதயப்புழு மாத்திரையைத் தொடங்கினேன், நடுவில் இரண்டு மாதம் விட்டுப்போய்விட்டது. மறுபடி தொடங்கலாமா? அந்த ஒரு மாத்திரையே உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் போதுமா? பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கு இதெல்லாம் தேவையா? வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது.

பதில்: அடுத்த மாத்திரையைக் கையில் எடுக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஏன் என்று புரிய, இந்தப் புழு எப்படி உள்ளே வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இதயப்புழுவைப் பரப்புவது கொசு. நோயுள்ள நாயின் ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப்புழுக்கள் மிதந்துகொண்டிருக்கும். கொசு அந்த ரத்தத்தைக் குடிக்கும்போது அவையும் சேர்ந்து அதன் உடலுக்குள் போகும். வெதுவெதுப்பான பருவத்தில் 10 முதல் 14 நாட்களுக்குள் அங்கே வளர்ந்து, இன்னொரு நாயைத் தொற்றத் தயாராகிவிடும். அதே கொசு உங்கள் நாயைக் கடித்தால், கடித்த துளை வழியாக உள்ளே நுழைந்துவிடும். முதலில் தோலுக்கடியிலும் தசையிலும் தங்கி வளரும். அப்புறம் ரத்தக்குழாய் வழியாக நுரையீரல் தமனிக்குப் போய்ச் சேரும். கடித்த நாளிலிருந்து 6, 7 மாதங்களில் முழு வளர்ச்சி. பெண் புழு நூல்போல மெல்லியதாக, கிட்டத்தட்ட ஓர் அடி நீளம் இருக்கும். நாயின் உடலில் அது 5 முதல் 7 ஆண்டுகள் வரை உயிரோடிருக்கும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கிறதே என்று கேட்டீர்கள். உங்களைக் கொசு கடிக்கிறதா? கடிக்கிறது என்றால் உங்கள் நாயையும் கடிக்கும். ஒரே ஒரு கடி போதும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். பலர் இதைத் தடுப்பூசி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள், இன்று கொடுத்தால் வரப்போகும் மாதத்துக்குக் காவல் என்று. இது வேலை செய்வது பின்னோக்கி. கொசுவை விரட்டாது, கடிப்பதைத் தடுக்காது. போன 30 நாட்களில் உள்ளே நுழைந்துவிட்ட குஞ்சுகளைக் கொன்று துடைத்துவிடும், அவ்வளவுதான். ஐவர்மெக்டின், மில்பிமைசின், செலாமெக்டின், மாக்சிடெக்டின் என்று பெயர் எதுவானாலும் அடிப்படை இதுதான். நுழைந்து இரண்டு மாதம் ஆகிவிட்ட புழு இந்தச் சின்ன அளவு மருந்துக்குச் சாகாது. அதனால்தான் ஒரு வாரம் தாமதமானால் பதறாத நான், இரண்டு மாதம் விட்டுப்போனது என்றதும் நின்று யோசிக்கிறேன். அந்த இடைவெளியில் நுழைந்த ஏதோ ஒன்று மருந்துக்குத் தப்பி வளர்ந்துகொண்டிருக்கலாம்.

பரிசோதனை முதலில் ஏன் என்றால், ரத்தத்தில் ஏற்கெனவே குஞ்சுப்புழுக்கள் நிறைய இருந்து, அவை ஒரே நேரத்தில் செத்தால் சில நாய்களுக்கு அதிர்ச்சி போன்ற எதிர்வினை வரும். முடிவு நன்றாக இருந்தால் அன்றே மாத்திரையைத் தொடங்கிவிடலாம். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. வழக்கமான பரிசோதனை, வளர்ந்த பெண் புழு வெளிவிடும் புரதத்தைத்தான் கண்டுபிடிக்கும். இரண்டு மாத வயதுள்ள புழு அதில் தெரியவே தெரியாது. ஆகவே 6 மாதம் கழித்து மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது பரிசோதனைதான் உங்கள் இடைவெளிக்கான உண்மையான பதில். அதைத் தவறவிடாதீர்கள். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நோயைத் தடுப்பது எளிது, குணப்படுத்துவது கடினம். சிகிச்சை இருக்கிறது, பல நாய்கள் பிழைத்தும் இருக்கின்றன. முதலில் சில வாரம் டாக்சிசைக்ளின் கொடுப்போம், அது புழுவின் உடலுக்குள் வாழும் ஒரு பாக்டீரியாவை அழித்துப் புழுவைப் பலவீனமாக்கும். பிறகு மெலார்சோமின் என்ற ஆர்செனிக் சார்ந்த மருந்தை முதுகுத் தசையில் ஊசியாகப் போடுவோம்: முதலில் ஒன்று, ஒரு மாதம் கழித்து 24 மணி நேர இடைவெளியில் இரண்டு. ஊசியைவிடக் கடினம் அதன்பிறகு வரும் வாரங்கள். செத்த புழு துண்டு துண்டாகி நுரையீரல் குழாய்களை அடைக்கும். அப்போது நாய் ஓடினால், குதித்தால், குரைத்துப் பரபரத்தால்கூட மூச்சுத்திணறி உயிருக்கே ஆபத்தாகலாம். சங்கிலியை எடுத்தாலே வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் ஒரு நாயை மாதக்கணக்கில் சின்ன இடத்தில் அடக்கி வைக்க வேண்டும். அது ஏன் என்று அதற்கு நாம் சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்த வீட்டார் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

அடுத்தது, நீங்கள் கொடுக்கும் குடற்புழு மாத்திரை. அது குடலில் உள்ள உருண்டைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழுவுக்கு. வழக்கமாகக் கிடைக்கும் பிரசிகுவாண்டல், பைரன்டல், ஃபென்பென்டசோல் எதுவும் இதயப்புழுவைத் தடுக்காது. உறையில் "புழு நீக்கி" என்று எழுதியிருப்பதைப் பார்த்து எல்லாப் புழுவுக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூலப்பொருளின் பெயரைப் படியுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆடு மாடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கண்ணளவில் நாய்க்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். இதயப்புழுத் தடுப்புக்கு ஒரு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் போதும், உங்கள் நாய்க்கு 108. கால்நடைகளுக்கான 1 சதவீத ஊசி மருந்தில் ஒரே ஒரு மில்லியில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. துளி தவறினால் அளவு பல மடங்கு ஏறிவிடும். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு போன்ற மேய்ப்பு இன நாய்களில் பலவற்றுக்கு, இந்த மருந்தை மூளைக்குள் போகவிடாமல் தடுக்கும் மரபணுவில் குறை உண்டு. அவை தள்ளாடி, கண் பார்வை மங்கி, மயங்கி விழுந்துவிடும். கலப்பின நாயில் எந்த இனத்தின் ரத்தம் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஐவர்மெக்டின் நல்ல மருந்துதான், அதைக் கண்டறிந்த கேம்பலுக்கும் ஒமுராவுக்கும் 2015இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் நாய்க்கென்று அளந்து செய்த மாத்திரையாக மட்டும் கொடுங்கள்.

சரி, உண்ணிக்கு இதே மாத்திரை போதுமா? போதாது. இதயப்புழுவைத் தடுக்கும் அளவிலுள்ள ஐவர்மெக்டினோ மில்பிமைசினோ உண்ணியை ஒன்றும் செய்யாது. அதேபோல, உண்ணிக்கும் தெள்ளுக்கும் இப்போது அதிகம் கொடுக்கும் ஃப்ளூராலனர், அஃபாக்சோலனர், சரோலனர் வகை மாத்திரைகள் இதயப்புழுவைத் தொடாது. இரண்டு வகையையும் ஒன்றாகச் சேர்த்த மாத்திரைகளும் உண்டு. உங்களிடம் இருப்பது எது என்று மருத்துவரிடம் உறையைக் காட்டிக் கேளுங்கள்.

உண்ணியைக் கண்டால் மட்டும் மருந்து போடுவேன் என்கிறீர்கள். அங்கேதான் நான் உங்களோடு மாறுபடுகிறேன். நாயின் காதில் தொங்கும் உண்ணியைப் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி அப்படியே ஆமணக்கு விதை மாதிரி இருக்கும். ஆமணக்கின் அறிவியல் பெயரான ரிசினஸ் என்ற சொல்லுக்கு லத்தீனில் உண்ணி என்றே பொருள். இது வயிறு நிறைந்ததும் நாயை விட்டுக் கீழே விழும். மெல்ல ஊர்ந்து சுவர் விரிசல், கதவு நிலை, திரைச்சீலையின் மடிப்பு, கூண்டின் மூலை என்று ஓர் இருட்டான இடம் தேடும். அங்கே 4,000 முட்டை வரைகூட இட்டுவிட்டுச் செத்துப்போகும். முட்டையிலிருந்து கடுகைவிடச் சிறிய ஆறுகால் குஞ்சுகள் வரும். அவை நாயின்மேல் ஏறி ரத்தம் குடித்து, இறங்கித் தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியாகும். மறுபடி ஏறி, இறங்கி, தோலுரித்து முழு உண்ணியாகும். ஆக, ஓர் உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை உங்கள் வீட்டில்தான் கழிக்கிறது. பழுப்பு நாய் உண்ணிக்குப் புல்வெளியே தேவையில்லை, வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழும். சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் செய்யும். நாயின்மேல் மூன்றைப் பார்த்தால் சுவரில் எத்தனை என்று யோசியுங்கள்.

அதனால் நாய்க்கு விடாமல் மருந்து, வீட்டுக்குத் தனி வேலை. படுக்கைத் துணிகளை வாரம் ஒருமுறை சூடான நீரில் துவையுங்கள். விரிசல்களை அடையுங்கள். தரையை மட்டுமல்ல, சுவரின் மேல்பகுதியையும் பாருங்கள், இந்த உண்ணிக்கு மேலே ஏறும் பழக்கம் உண்டு. பூச்சிமருந்து அடிப்பதாக இருந்தால் நாய், பூனை, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் உள்ளே விடுங்கள்.

மாத்திரை வகை மருந்துகள் உண்ணி கடித்த பிறகுதான் அதைக் கொல்லும். எர்லிக்கியா என்ற உண்ணிக்காய்ச்சல் கிருமியோ கடித்த சில மணி நேரத்திலேயே நாய்க்குள் இறங்கிவிடும். உங்கள் வீட்டில் உண்ணித் தொல்லை கட்டுக்கடங்காமல் இருந்தால், ஒட்டவே விடாமல் விரட்டும் கழுத்துப்பட்டையையும் சேர்த்துப் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் மாத்திரை தொடங்குமுன் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், இந்த வகை சில நாய்களில் வலிப்பைத் தூண்டும்.

பூனை இருப்பதைச் சொன்னது நல்லதாயிற்று. நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு அது பாதுகாப்பானது, பூனைக்கு விஷம். நாயின் முதுகில் ஊற்றியதைப் பூனை உரசினாலோ நக்கினாலோ நடுங்கி வலிப்பு வந்து இறந்துகூடப் போகும். உங்கள் வீட்டுக்குள் பெர்மெத்ரின் வரவே வேண்டாம்.

ஒட்டியிருக்கும் உண்ணியை எடுக்க நுனி கூர்மையான சாமணம் போதும். தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, நிதானமாக நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். விரலால் நசுக்கவும் வேண்டாம். எடுத்ததை ஸ்பிரிட்டில் போட்டுவிடுங்கள். காதுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரல் இடுக்கில், அக்குளில், வாலுக்கடியில் தினமும் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். உங்கள் விரல்கள் கண்ணைவிட நன்றாகக் கண்டுபிடிக்கும்.

தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று தெரியவில்லையா? வால் தொடங்கும் இடத்தில் முடியை நெருக்கமான பல் சீப்பால் சீவி, விழும் கருப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். வெறும் மண் என்றால் அப்படியே கிடக்கும். தெள்ளின் கழிவு என்றால் ஒரு நிமிடத்தில் சுற்றிலும் செம்பழுப்பாகக் கசியும், அது செரித்த ரத்தம். இதிலும் வீடுதான் கிடங்கு. முட்டை, புழு, கூடு எல்லாம் சேர்த்து 95 சதவீதம் தரையிலும் படுக்கையிலும் கிடக்கும். கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் எளிதில் எட்டாது, ஆளரவம் கேட்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் மருந்து போட்டு இரண்டு வாரத்தில் புதுத் தெள்ளைப் பார்த்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று விட்டுவிடாதீர்கள், குறைந்தது மூன்று மாதம் தொடருங்கள். பூனைக்கும் அதற்குரிய மருந்தைச் சேர்த்தே போடுங்கள், நாய்மேல் இருப்பதும் பெரும்பாலும் பூனைத் தெள்ளுதான். நாயின் மலத்தில் வெள்ளரி விதை போல நெளிவது தெரிந்தால் அது தெள்ளை விழுங்கியதால் வந்த நாடாப்புழு. அதற்கு மாத்திரை உண்டு, ஆனால் தெள்ளு போகாமல் அது நிற்காது.

இனி, காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். சாப்பிட மறுப்பது, காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், காப்பி நிறத்தில் சிறுநீர்: இவை உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள். ஆறாத வறட்டு இருமல், முன்போல் ஓடாமல் சீக்கிரம் களைப்பது, வயிறு உப்புவது இதயப்புழுவைக் காட்டலாம். தொடக்கத்தில் அது எந்த அறிகுறியும் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது கடைசியாக மாத்திரை கொடுத்த தேதியை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், மாத்திரை உறையும் கையில் இருக்கட்டும். நாயை அங்கேயே எடை போடச் சொல்லுங்கள். 18 கிலோ என்பது போன ஆண்டு எடையாக இருந்தால் அளவு மாறியிருக்கும்.